பொய் விடுறவங்க

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் தர்மசந்திரன் நயினார் ஒரு பந்தலில் எழுந்து நின்றார். நின்றது அரை நிமிஷம்கூட இருக்காது. அதற்காக அவர் பொங்கல் வரைக்கும் பட்ட பாட்டை நினைத்தால், மனுஷன் பேசாமல் உட்கார்ந்தே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மழைக்காலம் முழுக்கத் தங்கியிருந்த ஜைன முனிவர் புறப்பட்டுப் போகும் நாள் அது. அப்படிப்பட்ட நாளில் ஜனங்கள் அவர் முன்னால் ஆளுக்கொரு நியமம் எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு குறிப்பிட்ட நாள் வரைக்கும் எதையாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். காபியை விடுவார்கள், சினிமாவை விடுவார்கள், ஏதாவது ஒரு காயை விடுவார்கள். நயினார் பொங்கல் வரைக்கும் பாகற்காயை விடுவதாகக் காலையிலேயே முடிவு செய்திருந்தார். ஆறு வயதில் ஒரு தடவை வாயில் வைத்துத் துப்பியதோடு சரி, அதற்கப்புறம் ஐம்பது வருஷமாக அவர் பாகற்காயைத் தொட்டதில்லை. தொடாததை விடுவதில் கஷ்டம் எதுவும் இல்லை, புண்ணியம் மட்டும் முழுசாக வந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

மைக் கரகரத்தது. ஜைன சங்கத்தின் செயலாளர் அர்ஹந்த் ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டிருந்தார். "காய் விடுறவங்க எழுந்திருங்க" என்று காதில் விழுந்ததும் நயினார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பார்த்தால் நானூறு பேரில் அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி குசுமாவதி தலையில் கை வைத்துக்கொண்டதும் தெரிந்தது. ஒரு பாகற்காய்க்கா இவ்வளவு என்று அவர் யோசிப்பதற்குள் முனிவர் கையிலிருந்த மயிற்பீலிக் கற்றையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்துவிட்டார்.

அர்ஹந்த் சொன்னது காய் இல்லை, பொய். பொய் விடுறவங்க எழுந்திருங்க. நம் பக்கத்துப் பேச்சில் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பொய்யைக் கைவிடுகிறவர்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம், பொய்யை அவிழ்த்துவிடுகிறவர்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். எந்த அர்த்தத்திலும் எழுந்து நிற்க அந்தப் பந்தலில் வேறு யாருக்கும் தைரியம் வரவில்லை. எழுந்தவரோ திருவண்ணாமலையில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். "கரெக்டான ஆளுதான் எழுந்திருக்காரு" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு காபிக் கடைக்கும் யோகா வகுப்புக்கும் நடுவில் அவருடைய 'ஜோதி ஆன்டிக்ஸ்' இருந்தது. பித்தளை விளக்கு, படிக்கம், கதவு நிலை, ஊறுகாய் ஜாடி, கால் ஒடிந்த தொட்டில் என்று உள்ளே நுழைந்தால் எல்லாம் தாத்தா காலத்துச் சாமானாகத் தெரியும். தெரியாமல் இருக்குமா பின்னே? கடையின் கொல்லையில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி வைத்திருந்தார். புது விளக்கை வாங்கி வந்து புளித்தண்ணீர், உப்பு, மாட்டு மூத்திரம் மூன்றையும் ஊற்றி அதில் புதைத்துவைத்தால் எட்டு மாதத்தில் இருநூறு வயசு ஏறிவிடும். மிச்சத்தை நயினாரின் வாய் பார்த்துக்கொள்ளும்.

அந்த வாய் லேசுப்பட்டதில்லை. ஒரு படிக்கத்தைக் கையில் எடுத்தால், இது ஆற்காட்டு நவாப் வெற்றிலை போட்டுத் துப்பியது என்று ஆரம்பிப்பார். கேட்பவர் முகம் சுளித்தால், துப்பலாம் என்று வாயைத் திறந்தபோது எதிரிப் படை வந்துவிட்டது, கடைசிவரை ஒரு தடவைகூடத் துப்பவில்லை என்று அந்த இடத்திலேயே மாற்றிவிடுவார். காசு வருவது இருக்கட்டும், கதை கட்டுகிற அந்த நேரம்தான் அவருக்கு உயிர். இருபத்தெட்டு வருஷமாக அதே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருந்தார். கடை இல்லாவிட்டால் தான் ஒரு ஆளே இல்லை என்று மனப்பூர்வமாக நம்பினார்.

நியமம் எடுத்த மறுநாளே ஒரு பெங்களூர் தம்பதி வந்து அந்தப் படிக்கத்தை எடுத்தார்கள்.

"எவ்ளோ பழசு சார் இது?"

நயினார் நவாபைக் கூப்பிட வாயைத் திறந்தார். கண் முன்னால் மயிற்பீலி வந்து நின்றது.

"எட்டு மாசங்க."

"எட்டு...?"

"போன பங்குனியில குழியில வச்சது. மாட்டு மூத்திரம் ஊத்தி."

அந்தப் பெண் படிக்கத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணவரின் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் பக்கத்துக் காபிக் கடைக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் குளிர்காலம் வேறு சனியன் பிடித்த மாதிரி வந்து சேர்ந்தது. கார்த்திகை பூராவும் மழை. மலை இருக்கிற திசையில் வெறும் மேகம்தான் இருந்தது. தீபத்துக்கு வந்த ஜனம் நனைந்துகொண்டே வந்து நனைந்துகொண்டே பஸ் ஏறிவிட்டது. டிசம்பரில் நிரம்பி வழியும் வாடகை அறைகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் ஈ ஓட்டினார்கள். நயினார் ஈயை அடிக்கக் கூடாத ஜாதி என்பதால் நிஜமாகவே ஒவ்வொரு ஈயாக ஓட்டிக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அர்ஹந்துக்குப் போன் போட்டார். குசுமாவதியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, நான் எழுந்தது பாகக்காய்க்கு. மாத்திக் குடுத்துடுங்க."

"குடுத்தவருதான் மாத்தணும் நயினாரே. சாமி நடந்தே கர்நாடகா பக்கம் போயிட்டாரு. அவருகிட்ட போன் ஏது?"

"கேட்டா பதில் சொல்லாம சும்மா இருந்துட்டா?"

"கேட்ட கேள்விக்குத் தெரிஞ்சே மறைச்சா அதுவும் பொய்தாங்க."

அதுவரை அரிசி புடைத்துக்கொண்டிருந்த குசுமாவதி முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியாம சொன்னா?"

"தெரியாம, நெசம்னு நம்பிச் சொன்னா அது பொய்யில வராதும்மா."

நயினாருக்கு இது எந்த வகையிலும் உதவவில்லை. கடையில் இருந்த ஒவ்வொரு சாமானின் பிறந்த தேதியும் அவருக்கு அத்துப்படி.

மார்கழி பிறந்தது. தீபாவளிக்குப் பிறகு ஒரு குத்துவிளக்குகூட விற்கவில்லை. வீட்டிலும் நிலைமை சரியில்லை. புதுப் புடவை நன்றாக இருக்கிறதா என்று குசுமாவதி ஒரே ஒரு தடவை கேட்டாள், அதற்கப்புறம் எதையுமே கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு காலையில் இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது. பொங்கலுக்குள்ள ஒரே ஒரு சாமான் வித்துக் காட்டுங்க. பெருசோ சின்னதோ, ஒண்ணே ஒண்ணு. இல்லன்னா ஷட்டரை இழுத்துட்டு அஜிதன் மண்டியில போய் உக்காருங்க. அவனும் ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

அஜிதன் அவள் தம்பி. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தான். மண்டியில் யாரும் கதை கேட்பதில்லை. மூட்டையை எடை போடுவார்கள், ஏற்றுவார்கள், போவார்கள். "வாங்க மாமா" என்று அவன் சிரிக்கிற சிரிப்பை நினைத்ததும் நயினாருக்கு இட்லி இறங்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. சளி பிடித்துவிட்டது என்று சொல்லி மூக்கைத் துடைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் இருந்தது.

தன்னால் பொய் சொல்ல முடியாவிட்டால் என்ன, சொல்ல வேறு ஆளா இல்லை? ஆட்டோ ஓட்டும் காசியைப் பிடித்தார். காசி ஒரு பிரெஞ்சுக்காரரைக் கூட்டி வந்து, தொங்கு விளக்கைக் காட்டி, முன்னூறு வருஷம், ராஜா அரண்மனை என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வெளுத்து வாங்கினான். பிரெஞ்சுக்காரர் மரியாதையாக நயினார் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார்.

"இல்லீங்க. ஒம்போது மாசம். அரண்மனை எதுவும் இல்ல, எவர்சில்வர் கடையில வாங்குனது."

"நயினாரே, நீங்க கொஞ்சம் கொல்லைப் பக்கமா போய் நில்லுங்களேன்" என்று காசி பல்லைக் கடித்தான்.

அவர் போய் நின்றார். பிரெஞ்சுக்காரர் பின்னாலேயே வந்து, இது என்ன குழி என்று கேட்டார். நயினார் விவரமாகச் சொன்னார். காசி அதோடு அந்தத் தெருப் பக்கம் சவாரியே எடுப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டுப் போனான்.

இது போதாதென்று அடுத்த வாரம் மழைக்கு ஒதுங்கி ஒரு நரைத்த தாடிக்கார டச்சுக்காரர் வந்து சேர்ந்தார். ஆறு வருஷமாக மலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறாராம். தமிழும் கொஞ்சம் வரும். சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதில எது நிஜம்?" என்று கேட்டார்.

நயினார் அலுத்துப்போயிருந்தார். "இங்க இருக்கிறது எதுவுமே நிஜம் இல்லீங்க."

டச்சுக்காரர் அசையாமல் நின்றார். "எதுவுமே?"

"எதுவுமே. பாக்கறதுக்குப் பழசா தெரியும். எல்லாம் நாமளா பண்ணிக்கிட்டது."

"எங்கேருந்து வந்தது?"

"குழியிலேருந்துதான்."

"கடைசியில எங்க போகும்?"

"யாரும் எடுக்கலன்னா திரும்பவும் குழிக்குத்தான்."

டச்சுக்காரரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. நயினார் தடுப்பதற்குள் அவர் காலில் விழுந்துவிட்டார். மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு திண்டுடன் வாசலில் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் முப்பது பேர். நீங்கள் குருவா என்று கேட்டார்கள். இல்லீங்க, வியாபாரி என்றார். எப்படி வாழ வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கே தெரியலீங்க, எம்பொண்டாட்டி பொங்கல் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கா என்றார். அதைச் சிலர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு ஜப்பான் பெண் தினமும் கொல்லைக்குப் போய் அந்தக் குழியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.

கடை நிரம்பி வழிந்தது. ஒரு ஊறுகாய் ஜாடிகூட நகரவில்லை. எதுவும் நிஜமில்லை என்று தெரிந்துகொண்டவர்கள் எதை வாங்குவார்கள்? போகும்போது ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் வாழைப்பழம் வைக்க இடமில்லாமல் போனது. பழம் கொடுத்ததை வியாபாரம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்று நயினார் தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றாள் குசுமாவதி.

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சென்னையிலிருந்து தேவிப்ரியா என்று ஒரு பெண் போன் செய்தாள். புதுச்சேரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு அலங்கார வேலை செய்கிறாளாம்.

"ரிசப்ஷன்ல வைக்க ஒரே ஒரு பொருள் வேணும் சார். நிஜமாவே பழசா இருக்கணும். எல்லாரும் ஏமாத்தறாங்க. நீங்க பொய்யே சொல்ல மாட்டீங்களாமே."

"நெசந்தாம்மா. ஆனா எங்கிட்ட அப்படி ஒண்ணும்..."

குசுமாவதி போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "இருக்கும்மா. நீங்க போகி அன்னிக்கு சாயந்தரம் வாங்க."

போகியன்று மத்தியானம் காசியின் ஆட்டோ கடை வாசலில் வந்து நின்றது. சபதத்தை அவன் குசுமாவதிக்காகத் தளர்த்தியிருந்தான். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்ததைப் பார்த்ததும் நயினார் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடினார். அது அவளுடைய சீர்ப்பெட்டி.

பித்தளைப் பட்டை அடித்த பெரிய மரப்பெட்டி. கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து வந்தது. அவள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் இருந்ததாம். எந்த விசேஷத்துக்கு யார் வந்தாலும் குசுமாவதி அந்தப் பெட்டியைக் காட்டாமல் விட்டதில்லை. பட்டுப் புடவைகளும் பிள்ளைகளின் முதல் சட்டையும் அதில்தான் இருந்தன. அதையெல்லாம் ஒரு பழைய வேட்டியில் மூட்டை கட்டி வீட்டில் வைத்துவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள்.

"இதுக்கு நீங்க பொய்யே சொல்ல வேணாம்" என்றாள். "கேட்டா மனசுல உள்ளத உள்ளபடி சொல்லுங்க. கடை நிலைக்கட்டும்."

"வேணாம் குசுமா."

"ஏன்?"

"உன் பெட்டி அது." சொன்னது உண்மைதான், முழுசும் அதுவல்ல. அவள் மேற்கொண்டு கேட்காததற்கு அவர் மனதுக்குள் நன்றி சொன்னார்.

நயினாரின் நெஞ்சில் இருபத்தாறு வருஷமாக ஒரு விஷயம் கிடந்தது. கல்யாணத்தன்று லாரியிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கியபோதே அவர் கண்டுகொண்டுவிட்டார். மூடியின் உள்பக்கம் ஒரு பித்தளைப் பூ. அந்தப் பூ அழகுக்கு வைத்ததில்லை. ஆணியைக் கோணலாக அடித்து மரம் பிளந்துவிட, அதை மறைக்க வைத்தது. வைத்தவர் அவரேதான். கடை ஆரம்பித்த மறுவருஷம் தன் கையால் செய்து, குழியில் ஈர வைக்கோல் போட்டு மூடிவைத்துப் பழசாக்கி, வந்தவாசி தரகர் ஒருவரிடம் தள்ளிவிட்ட பெட்டி சுற்றிச் சுற்றி மாமனார் வீட்டுச் சீராகத் திரும்பி வந்திருந்தது. புதுப் பெண்ணிடம் உங்கப்பாவை ஏமாற்றிவிட்டார்கள், ஏமாற்றியதும் நான்தான் என்று எப்படிச் சொல்வது? முதலில் பயத்தில் சொல்லவில்லை. அப்புறம் அவள் பெருமையாகப் பெட்டியைத் துடைப்பதைப் பார்க்கப் பார்க்கப் பிரியத்தில் சொல்லவில்லை. இப்போது அதே பெட்டியை அவருக்காக விற்க நிற்கிறாள். பொய் சொன்னால் நியமம் போச்சு, உண்மை சொன்னால் அவள் மானமும் கடையும் சேர்ந்து போச்சு. விடிந்தால் பொங்கல், நியமம் முடிந்துவிடும். இந்தப் பெண் ஒரு நாள் கழித்து வரக் கூடாதா என்று அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தேவிப்ரியா சரியாக நாலு மணிக்கு வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள்.

"தேக்கா சார்?"

"மாமரம்."

குசுமாவதி சடாரென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பரவால்ல. எத்தனை வருஷம் இருக்கும்?"

திண்டு போட்டு உட்கார்ந்திருந்த முப்பது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். நயினார் பெட்டியைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் கண்ணால் சொல்லுங்க என்றாள்.

"இருபத்தேழு வருஷங்க."

"இருபத்தாறு" என்றாள் குசுமாவதி.

பழக்கதோஷம். அவர் எந்தத் தேதியைச் சொன்னாலும் அவள் திருத்திவிடுவாள், பிள்ளைகளின் பிறந்த நாள் முதல் கியாஸ் வந்த நாள் வரைக்கும். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேவிப்ரியா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் நயினார்.

"தெரியும். கல்யாணத்துக்கு மூணு மாசம் முந்தி அப்பா கொண்டாந்து எறக்குனாரு. யாரு கேட்டாலும் பாட்டன் காலத்துப் பெட்டின்னு சொல்லுன்னாரு. ஆன்டிக் கடைக்காரரு வீட்டுக்குப் போறோமே, கண்டுபிடிச்சிட்டா மானம் போயிடுமேன்னு மொத வருஷம் பூரா எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க ஒண்ணும் சொல்லல. சரி, இவ்ளோதான் உங்க தெறமைன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் இன்னிக்குக் கொண்டாந்தே?"

"உங்களுக்குத்தான் தெரியாதே. நீங்க நெசம்னு நம்பி எறநூறு வருஷம்னு சொல்லுவீங்க. நம்பிச் சொன்னா பொய் இல்லன்னு அர்ஹந்த் சொன்னாரே. நியமமும் நிக்கும், கடையும் நிக்கும்னு பாத்தேன்." அவள் குரல் உடைந்தது. "ஆனா இருபத்தேழுன்னு எப்படிச் சொன்னீங்க? வாங்குனது இருபத்தாறு."

"வாங்குனது இருபத்தாறு. செஞ்சது இருபத்தேழு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு செஞ்சா?"

கேள்வி வந்துவிட்டது. இனி ஒளிய இடமில்லை.

"நான்தான்" என்றார் நயினார்.

டச்சுக்காரர் தன்னை மறந்து கையெடுத்துக் கும்பிட்டார். குசுமாவதி பெட்டியின் மூடியைத் திறந்து அந்தப் பித்தளைப் பூவை விரலால் தடவிப் பார்த்தாள். மழைக்காலம் வந்தால் அவள் பட்டுப் புடவைகளில் ஒரு வாடை வரும். எத்தனை வேப்பிலை போட்டாலும் போகாது. அது எந்தக் குழியிலிருந்து வருகிறது என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் மூடியைத் திரும்பவும் சாத்தினாள்.

தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், பழசு இல்லன்னாலும் பரவால்ல. இந்தக் கதைக்காகவே எடுத்துக்கறேன். நல்ல விலை தரேன்."

நயினாருக்கு ஒரு கணம் உயிர் வந்தது. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"இல்லம்மா" என்றாள் குசுமாவதி. "பாட்டன் பெட்டின்னா குடுத்திருப்பேன். இவரு செஞ்சதுன்னு தெரிஞ்சப்புறம் குடுக்க மனசு வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

தேவிப்ரியா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. காசியின் ஆட்டோவில் ஏறிப் போனாள். திண்டுக்காரர்களும் இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடையில் புருஷனும் பெண்டாட்டியும் பெட்டியும் மட்டும் மிச்சம்.

நயினார் வெளியே வைத்திருந்த ஜாடிகளை உள்ளே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

"மண்டிக்கு அஜிதன் என்னிக்கு வரச் சொல்லியிருக்கான்?" என்றார்.

குசுமாவதி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தாள். "போறதுக்கு இஷ்டமா?"

"இல்ல."

"கடை வேணுமா?"

"வேணும்."

"என்மேல கோவமா?"

"இல்ல. நீ இந்தப் பெட்டிய கடைக்குக் கொண்டாந்தியே, அத நெனச்சா எனக்கு அழுகதான் வருது" என்றார். சொல்லிவிட்டு அழவும் செய்தார்.

அவள் அவரை அழவிட்டாள். அப்புறம் பெட்டியிலிருந்து இறங்கி நின்று, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, முன்பின் தெரியாத கடையில் நிற்பவள் மாதிரி பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது இன்னா விலைங்க?"

"விளையாடாத. உன் பெட்டி அது."

"எம்பெட்டி பாட்டன் காலத்துப் பெட்டி. அது இல்லவே இல்லன்னு ஆயிப்போச்சு. இது நீங்க செஞ்சது, உங்க கடையில இருக்கு. நான் வாங்க வந்திருக்கேன். விலைய சொல்லுங்க. அடக்கம் எவ்ளோ?"

அடக்க விலையை உண்மையாகச் சொன்ன வியாபாரி இந்தச் செங்கம் ரோட்டில் இதுவரை பிறக்கவில்லை. நயினார் சொன்னார். மரம், பித்தளை, கோணலாகப் போன ஆணி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய்.

"ஜாஸ்தி. ஆணி வேற கோணலா இருக்கு. கம்மி பண்ணுங்க."

நூறைக் குறைத்தார். அவள் இடுப்பிலிருந்த பர்சைத் திறந்து இரண்டு ஐநூறு ரூபாய் நோட்டை மேஜை மேல் வைத்தாள். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க வைத்திருந்த பணம் அது.

"பில்லு போடுங்க" என்றாள்.

தீபாவளியிலிருந்து திறக்காத பில் புத்தகத்தைத் தூசி தட்டித் திறந்தார். போகிப் பண்டிகைத் தேதி போட்டார். 'மாமரப் பெட்டி ஒன்று' என்று எழுதினார். பக்கத்தில், நியமம் இன்னும் இருக்கிறதே என்ற நினைப்பில், 'புதியது' என்று எழுதினார்.

குசுமாவதி குனிந்து படித்தாள். "புதுசா? இருபத்தாறு வருஷம் எம்புடவையெல்லாம் இதுலதான் இருந்துச்சு. நம்ம பிள்ளைங்க ரெண்டும் இதப் புடிச்சிக்கிட்டுதான் நடக்கப் பழகுச்சுங்க. இது புதுசாங்க?"

நயினார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவள் சொன்னதில் பொய் இல்லை. 'புதியது' என்பதை அடித்துவிட்டு 'பழையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜோதி ஆன்டிக்ஸ் இருபத்தெட்டு வருஷத்தில் விற்ற முதல் பழைய சாமான் அதுதான்.